வலை நுண்ணியதானால் விடை சரியாகிவிடுமா?

முடிவுறு மூலக முறை என்பது ஒரு கட்டமைப்பைக் கணினியில் ‘மூலகம்’ எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிப்பது; அத்துண்டுகளின் தொகுதியே வலை. ‘முடிவுறு மூலக முறையில் வலையை எவ்வளவு நுண்ணியதாக்குகிறோமோ, கொங்கிறீற்றுச் சுவரின் வலிமை அவ்வளவு துல்லியமாகக் கிடைக்கும்’ என்ற கூற்று கிளிநொச்சி, வவுனியாவில் பணிபுரியும் இளம் பொறியியலாளர்களிடையே வட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு. வன்னியில் உயர்ந்த கட்டடங்கள் அரிதென்றாலும், இங்கிருந்து கொழும்பின் மாடிக் கட்டட வேலைகளுக்குச் செல்வோர் இருப்பதால் இதைத் திருத்துவது அவசியம்.

கொங்கிறீற்றில் வெடிப்பு (விரிசல்) விழுவதற்கு முன் அக்கூற்று பெரும்பாலும் பொருந்தும். வெடித்த பின்னரோ கொங்கிறீற்று தளர்ந்து, விகாரம் (அலகு நீளத்துக்கான நீட்சி) ஒரே வரிசை மூலகங்களுக்குள் குவிவதால், மூலகம் சிறுக்கச் சிறுக்க வெடிப்புக்குச் செலவாகும் சக்தியும் குறைந்து, சுவர் உண்மையில் உள்ளதைவிட எளிதில் நொறுங்குவதாகக் கணினி காட்டும். 1983இல் பஜாந்த், ஓ என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த வெடிப்புப் பட்டை முறை, முறிவுச் சக்தியை (வெடிப்பு உருவாகச் செலவாகும் சக்தியை) மூலகத்தின் அளவோடு பிணைத்து இப்பிழையைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளீட்டில் அந்தப் பிணைப்பு உள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இரு சுவர்களை இணைக்கும் குட்டை வளைகளில் (கிடையான உத்தரங்களில்) இன்னும் கூடிய கவனம் தேவை. நீளம் ஆழத்தின் இருமடங்கிலும் குறைந்து, வெட்டுவிசையும் மிகுந்தால், அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவனத்தின் ஏசிஐ 318 விதி மூலைவிட்டக் கம்பிகளை (மூலைக்கு மூலை சாய்வாக இடும் கம்பிகளை)க் கோருகிறது. அக்கம்பிகளை மாதிரியில் காட்டாமல் வலையை மட்டும் நுண்ணியதாக்குவதால் பயனில்லை.