சிம் மௌ யூ நாடு கடத்தப்படவில்லை: பகிரப்படும் செய்தி தவறானது

மலேசியச் சீனக் கல்விக்காகப் போராடிய தலைமையாசிரியர் சிம் மௌ யூ சீனாவிலிருந்து வந்தவர் என்றும், 1987இல் கைதான பின் அங்கேயே நாடு கடத்தப்பட்டு இறந்தார் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. அதில் கைது மட்டுமே உண்மை.

அவர் 1913இல் மலாக்காவில் பிறந்தவர். அவ்வூரின் பிங் மிங் சீனப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்ததோடு, ஜியாவ் சோங் எனப்படும் சீனப்பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு 1966 முதல் 1994 வரை தலைமை வகித்தார். சீன மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி கோரியதால், 1966இல் மலேசியச் சீனர் சங்கம் என்ற அரசியல் கட்சி அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. கட்சி நீக்கத்தை நாடு கடத்தலாகத் திரிப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

சீனமொழிவழிக் கல்வி பெறாதவர்களைச் சீனத் தொடக்கப்பள்ளிகளின் நிர்வாகப் பொறுப்புகளில் அமர்த்தியதை எதிர்த்து, 1987 அக்டோபர் 11 அன்று கோலாலம்பூர் தியான் ஹோ கோயிலில் பெருங்கூட்டம் நடந்தது. அம்மாத இறுதியில், 'ஒப்பராசி லாலாங்' எனப்பட்ட காவல்துறைக் கைது நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோருடன், எழுபது வயதைக் கடந்திருந்த அவரும் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார். மறு ஆண்டு விடுதலையானார். அதன் பிறகும் ஜியாவ் சோங் தலைவராகவே நீடித்தார் என்பதொன்றே நாடு கடத்தல் கதையைப் பொய்யாக்கப் போதும். 2009 பிப்ரவரியில், தம் 95ஆம் வயதில் காலமானார்.

ஜியாவ் சோங்கின் முன்னாள் தலைவர்கள் பட்டியலிலும், 2009 பிப்ரவரி மாத மலேசிய நாளிதழ்களின் இரங்கற் செய்திகளிலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம். ஏற்கெனவே பகிர்ந்த குழுக்களில் இந்த விளக்கத்தை இடுங்கள்.