அது நகடாய் இல்லை, அய்யா

நேற்று அந்த சினிமா குழுவில் ஜப்பானிய நடிகர் ஒருவருக்காக ஓடிய அஞ்சலி கார்டைப் பார்த்திருப்பீர்கள். 'தட்சுயா நகடாய், 1932–2025, ஆழ்ந்த இரங்கல்.' எழுத்தெல்லாம் சரி. மேலே இருந்த முகம் இன்னொரு ஜப்பானிய நடிகர், தோஷிரோ மிஃபுனே. மிஃபுனே 1997-லேயே போய்விட்டார். அவரை இரண்டாம் முறை சாகடித்தாயிற்று, இப்போது செத்தவருக்கோ ஒரு போட்டோகூட இல்லை.

சொன்னேன். "செவன் சாமுராய் ஹீரோதானே, எல்லாம் ஒண்ணுதான் ப்ரோ" என்று பதில். கூடவே ஐந்து சிரிப்பு பொம்மை.

ஒன்று இல்லை ப்ரோ. செவன் சாமுராய் படத்தில் நகடாய் வருவது சில விநாடிகள்தான். தெருவில் நடந்துபோகும் சாமுராய்களில் ஒருவர். அந்த நடைக்காகக் காலையிலிருந்து மதியம் தாண்டும் வரை இயக்குநர் குரோசவா அவரைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டார். அந்த அவமானம் ஆறாமல், பின்னால் குரோசவா யோஜிம்போ படத்துக்குக் கூப்பிட்டபோது முதலில் மாட்டேன் என்றார் மனிதர். ரோஷம்!

அதே குரோசவா 1985-ல் ரான் படத்தில் அவரை எரியும் கோட்டைக்குள் உட்கார வைத்தார். செட் என்று கட்டிய கோட்டையை நிஜமாகவே கொளுத்தினார்கள். இரண்டாவது டேக் கிடையாது. பின்னால் தீ, முன்னால் செங்குத்தான படிகள். ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிய நகடாய், புத்தி பேதலித்த எழுபது வயதுக் கிழவராகப் படியைக் குனிந்து பார்க்காமல் இறங்கி வருகிறார். கால் இடறியிருந்தால் படமே போச்சு. மேடையில் பழகிய கால், இடறவில்லை.

மேடை என்றதும் நினைவுக்கு வருகிறது. கல்லூரி நாடகத்தில் கதாநாயகனுக்குக் காய்ச்சல் வர, இரண்டே நாளில் வசனம் மனப்பாடம் செய்து நான் நடித்தேன். ஆண்டு மலரில் என் போட்டோ வந்தது, கீழே அவன் பெயர். அம்மா அதை வெட்டி, பெயர் இருந்த ஓரத்தை மடித்து ஃபிரேம் போட்டாள். இன்னும் வீட்டில் தொங்குகிறது. எனக்கு முகம் சரி, பெயர் தப்பு. நகடாய்க்குப் பெயர் சரி, முகம் தப்பு. ஆக, எனக்குக் கோபம் வரக் கொஞ்சம் உரிமை உண்டு.

"மிஃபுனேவை மட்டம் தட்டுகிறீர்களா?" என்று ஒருவர் இன்பாக்ஸில். இல்லை. மிஃபுனே புலி. ஆனால் புலி செத்தாலும் புலி, மான் செத்தாலும் புலியா?

"ஒரு சின்னத் தப்புக்கு இவ்வளவா?" இதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அட்மினுக்கும் வேலை வெட்டி இருக்கும். சரி, மூன்று மணி நேரம் கழித்து மாற்றினாரே, எதை வைத்தார்? யோஜிம்போ ஸ்டில். நடுவில் மிஃபுனே, ஓரத்தில் நகடாயின் பாதிக் காது.

குரோசவாவின் ககெமுஷா படத்திலும் இதே கதைதான். ஷின்டாரோ கட்சு நடிக்க வேண்டியது, குரோசவாவோடு முட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் நகடாய். செத்த பிரபுவுக்கு ஆள்மாறாட்டம் செய்யும் திருடன் வேடம்! படம் 1980-ல் கான் திரைப்பட விழாவில் உச்ச விருதான தங்கப்பனை வாங்கியது. அப்போதும் சிலர் கட்சு இருந்திருந்தால் என்றுதான் பேசினார்கள். இருந்திருந்தால், இருந்திருந்தால். இருந்தவரைப் பாருங்களேன்!

எந்த ஸ்டுடியோவுக்கும் தன்னை எழுதிக் கொடுக்காதவர். காரணம், நாடகத்தை விடக்கூடாது. 1975-ல் மனைவியோடு தொடங்கிய நடிப்புப் பள்ளிக்கு முமெய்ஜுகு என்று பெயர், பெயரில்லாதவர்களின் பள்ளி. நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பையன் அங்கே சேர்ந்தான். அலுவலகத்துக்கு ஜப்பானிய மொழியில் யாகுஷோ. அதையே மேடைப் பெயராக வைத்துவிட்டார் நகடாய். அந்தப் பையன்தான் 2023-ல் கானில் சிறந்த நடிகர் விருது வாங்கிய கோஜி யாகுஷோ. இதே குழுவில் அன்றைக்கு என்ன கொண்டாட்டம்! வாத்தியார் முகம் மட்டும் தெரியாது.

2024 நிலநடுக்கத்தில் நொந்துபோன ஜப்பானின் நோட்டோ பகுதியில், இறந்த அதே 2025-ல், 92 வயதில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தில் மேடையேறினார். தாய் வேடம். அந்தக் குரலை நேரில் கேட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அட்மின், மறுபடி மாற்றுவதானால் அவர் நடித்த ஹராகிரி படத்திலிருந்து எடுங்கள். முற்றத்தில் வெள்ளை விரிப்பில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார், தாடியோடு. அவர்தான்.