பிபி ஏறிய கர்ப்பிணிக்கு வைட்டமின் சி, ஈ எதற்கு?

கர்ப்பகாலத்தில் பிபி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் போதும், "வைட்டமின் சி, ஈ வாங்கிப் போடு, ஆன்டிஆக்சிடன்ட்தானே, கெடுதல் ஒன்றும் வராது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு இது கவலையாக இருக்கிறது.

இந்த யோசனை வந்ததில் நியாயம் உண்டு. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் நன்றாக அகல வேண்டும். அகலாமல் போனால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அங்கிருந்து வெளியேறும் சில பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களையே பாதிக்கும். 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90 அல்லது அதற்கு மேல் ஏறும், பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும். இதுதான் ப்ரீஎக்லாம்சியா. இதில் ஆக்சிஜனேற்றச் சிதைவுக்கும், அதாவது ஆக்சிஜன் சார்ந்த சில பொருட்கள் செல்களைச் சேதப்படுத்துவதற்கும், பங்கிருப்பதால், அதைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட்களான இந்த வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் 283 பெண்களிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில் பாதிப்பு 17 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது.

அப்புறம் பெரிய ஆய்வுகள் வந்தன. 2006-இல் பிரிட்டனில் சுமார் 2,400 பெண்கள், 2010-இல் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேல். இரண்டிலும் ப்ரீஎக்லாம்சியா குறையவில்லை. பிரிட்டன் ஆய்வில் வைட்டமின் எடுத்தவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. அப்படியிருக்க, கெடுதல் வராது என்று எப்படி அடித்துச் சொல்வது? இந்த நோயைத் தடுக்க இவ்விரண்டு வைட்டமின்களையும் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

பழம், காய்கறியைக் குறைக்கச் சொல்லவில்லை. மருத்துவர் தந்த இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது. நான் சொல்வது தடுப்பு மருந்து என்று நம்பி விழுங்கும் அதிக டோஸ் மாத்திரைகளைப் பற்றி மட்டுமே.

பலன் தருபவை வேறு இருக்கின்றன. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 20 வாரத்துக்கு முன்பே தொடங்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின். உணவில் கால்சியம் குறைவாக உள்ளவர்களுக்குக் கால்சியம். இரண்டையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாகத் தொடங்கக் கூடாது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேல் பிபி பார்ப்பதுதான். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை இதயத்தின் உயரத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும். படியேறி வந்த மூச்சிரைப்போடு எடுத்த அளவை நம்ப முடியாது. விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பிரசவம் முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இதே எச்சரிக்கை வேண்டும். இந்த நோய் முற்றினால் வரும் வலிப்பு அப்போதும் வரலாம்.