ஆர் கோப்பைக் கையால் எழுதலாமா? உண்மை விளக்கம்

யாழ்ப்பாணத்தில் ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பழகும் மாணவரிடையே வாட்ஸப்பில் சுற்றும் குறிப்பு இது: “ஆர் சிவப்பாகக் காட்டினால் கோப்பு அழிந்துவிட்டது, நண்பரின் புராஜெக்டிலிருந்து நகலெடுத்துப் போடுங்கள்.” ஆர் (R) என்பது செயலியின் படம், சரம் (திரையில் வரும் சொற்கள்) போன்ற வளங்களைக் கோடிலிருந்து அழைக்க உதவும் வகுப்பு; அதைக் கண்டுபிடிக்க முடியாதபோது கோடில் அதன் பெயர் சிவப்பாகத் தெரியும். வாட்ஸப் குறிப்பு தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆர் வகுப்பை யாரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு பில்டிலும் (செயலியைத் தொகுக்கும்போதும்) ஏஏபிடி2 என்ற கருவி வளங்கள் இருக்கும் ரெஸ் கோப்புறையைப் படித்து, ஒவ்வொரு படத்துக்கும் சரத்துக்கும் லேஅவுட்டுக்கும் (திரை அமைப்புக்கும்) 32 பிட் எண் கொடுக்கிறது. நண்பரின் எண்கள் அவருடைய வளங்களுக்கே உரியவை. உங்கள் செயலியில் வேறு படம் வரும், அல்லது செயலி நின்றுவிடும். பில்டை நடத்தும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 3.6 முதல் ஆருக்கு ஜாவா மூலக்கோப்பே உருவாவதில்லை, தொகுத்த ஜார் கோப்பு மட்டுமே.

ஆர் சிவப்பாவது விளைவுதான். பில்ட் சாளரத்தில் முதலில் வரும் ஏஏபிடி பிழையைப் பாருங்கள். பெரும்பாலும் கோப்புப் பெயரே காரணம்: நல்லூர்க் கோயில் படத்துக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தோ இடைக்கோடோ வைத்தால் பில்ட் அங்கேயே நிற்கும். சிறிய எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுமே ஆகும். இலக்கத்தில் தொடங்கவும் கூடாது. அடுத்த காரணம், வளக் கோப்பில் மூடாமல் விட்ட எக்ஸ்எம்எல் குறி.

பில்ட் சரியாக முடிந்தும் சிவப்பு போகவில்லையா? கோடு கோப்பின் மேலே ‘ஆண்ட்ராய்டு.ஆர்’ (android.R) என்ற இம்போர்ட் தானாக ஏறியிருக்கலாம், அதை நீக்குங்கள். பிறகு நேம்ஸ்பேஸை (ஆர் வகுப்பு உருவாகும் பாக்கேஜ் பெயரை) சரிபாருங்கள்.