மிலானில் உட்கார ஒரு இடம் கிடைக்குமா?

மிலானுக்கு வந்து மூணு நாள் ஆச்சு. பார்த்த நாற்காலி நூறைத் தாண்டும். உட்கார்ந்தது? ஒண்ணு கூட இல்ல.

டிசைன் மியூசியமாம்! மர நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, கம்பியை வளைச்சு செஞ்ச நாற்காலி. எல்லாத்துக்கும் முன்னாடி 'தொடாதே'ன்னு ஒரு அட்டை. இத்தாலி டிசைனர்கள் கஸ்டிலியோனி சகோதரர்கள் 1957-ல டிராக்டர் சீட்டை வெச்சு ஒரு ஸ்டூல் டிசைன் பண்ணாங்களே, 'மெட்ஸாத்ரோ', அதுவும்தான். உழுறவன் நாள் பூரா உட்கார்ற சீட்டு சார் அது! நான் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா உடைஞ்சிடுமா? லேசா குனிஞ்சுதான் பார்த்தேன். 'கீ கீ'ன்னு அலாரம். மொத்த ஹாலும் என்னைத் திருடனைப் பார்க்குற மாதிரி பார்க்குது. காவலுக்கு இருந்த அம்மா மட்டும் மூலையில ஒரு மடக்கு நாற்காலியில ஜம்முன்னு உட்கார்ந்திருக்காங்க.

டாவின்சி சுவத்துல வரைஞ்ச 'கடைசி விருந்து' ஓவியம்? 15 நிமிஷம்தான், அதுவும் நின்னுக்கிட்டே. 1652-ல அந்தச் சுவத்துல வாசல் வெட்டி ஏசுவோட பாதத்தையே காலி பண்ணாங்க. அப்போ எந்த அலாரமும் அடிக்கல. நான் குனிஞ்சா மட்டும் அடிக்குமாம்!

கால் கடுக்குதேன்னு காபி குடிக்கப் போனேன். நின்னு குடிச்சா ஒரு விலை. உட்கார்ந்து குடிச்சா வேற விலையாம்!