ஜூன் மாதத்து ஊகங்களும் மே மாதத்து அறிக்கையும்

மே மாதம் பிறந்துவிட்டால் என் முகநூல் பக்கமும் வாட்ஸ்அப் குழுக்களும் ஒரே பேச்சால் நிரம்பிவிடுகின்றன. ஜூனில் ஆப்பிள் நிறுவனம் நடத்தும் மென்பொருளாளர் மாநாட்டில், டபிள்யூடபிள்யூடிசி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வார நிகழ்வில், என்னென்ன வெளிவரும் என்பதே அந்தப் பேச்சு. ஐபோன் செயலிகள் எழுதுவது என் தொழில் என்பதால் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம்தான் கேட்கிறார்கள்: இப்போதே வாங்கலாமா, ஜூன் வரை பொறுக்கலாமா? இந்த ஆண்டும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இத்தனை ஆண்டுகளில் என் மனத்தில் சேர்ந்திருப்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

ஊகச் செய்திகள் எல்லாமே பொய் என்று சொல்ல நான் வரவில்லை. 2005-ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி அரங்கில், ஆப்பிளின் மேக் கணினிகள், தம் மூளையாக இயங்கிவந்த பவர்பிசி சில்லுகளைக் கைவிட்டு இன்டெல் நிறுவனத்தின் சில்லுகளுக்கு மாறப்போகின்றன என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். மூன்று நாட்களுக்கு முன்பே சிநெட் இணையதளம் அதை எழுதிவிட்டிருந்தது. இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்பும் ஐந்து ஆண்டுகளாக இன்டெலுக்கும் சேர்த்தே மறைவாக உருவாக்கப்பட்டு வந்தது என்பதை ஜாப்ஸ் மேடையில் சொன்னபோதுதான், அது ஓர் இரவில் எடுத்த முடிவல்ல என்று எல்லாருக்கும் புரிந்தது. அதே இன்டெலை விட்டு ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறும் என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் 2018 ஏப்ரலில் எழுதியது. 2020 ஜூன் மாநாட்டில் அது உண்மையாயிற்று. இப்படி உழைத்துத் திரட்டிய செய்திகளுக்கு நான் மதிப்புத் தருகிறேன். ஆனால் நம் கைக்கு வந்துசேரும்போது, உழைத்துத் திரட்டிய செய்தியும் மாநாட்டு அழைப்பிதழின் வண்ணத்தைப் பார்த்துச் சொன்ன ஆரூடமும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வருகின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

அந்தப் பழக்கம் இல்லாததால் நேர்ந்த இழப்பொன்றை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் சித்தப்பா மகன் திருமண ஒளிப்பதிவுத் தொழிலில் இருக்கிறான். 2021-ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே அவனுடைய பழைய கணினி திணறத் தொடங்கியிருந்தது. ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1 முதன்முதலில் பொருத்தப்பட்ட மேக்புக் ஏர் மடிக்கணினி, 92,900 ரூபாய்க்கு, முந்தைய நவம்பரிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. அதை வாங்கிக்கொள் என்று சொன்னேன். "இல்லக்கா, ஜூன்ல பெருசா வருதாம், எல்லாரும் சொல்றாங்க" என்றான். அந்த ஆண்டு மாநாட்டில் புதிய மேக்புக் ப்ரோ வருவது உறுதி என்று பலர் அடித்துச் சொன்னார்கள். சில்லின் பெயர் எம்1எக்ஸ் என்றுகூட எழுதினார்கள். மாநாட்டில் ஒரு கணினியும் வரவில்லை. உரையின் யூடியூப் காணொளிக்குப் பின்னால் இருந்த குறிச்சொற்களில் எம்1எக்ஸ் என்ற சொல்லைச் சிலர் கண்டெடுத்ததும், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று காத்திருப்பு நீண்டது. கடைசியில் அக்டோபர் 18 அன்று கணினி வந்தது. சில்லுகளின் பெயர் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ். தொடக்க விலை 1,94,900 ரூபாய். அதற்குள் ஆவணி முகூர்த்தங்கள் அனைத்தும் கடந்துவிட்டிருந்தன. பழைய கணினியில் ஒரு கல்யாணக் காணொளியைத் தொகுத்து முடிக்க அவனுக்கு இரவுகள் போதவில்லை; வந்த வேலைகளில் பாதியை வேறு ஆட்களுக்குத் தள்ளிவிட்டிருந்தான். புதிய விலை அவன் கைக்கு எட்டவில்லை. ஜனவரியில் வாங்கியிருக்க வேண்டிய அதே ஏரைத்தான் தீபாவளி சமயத்தில் வாங்கினான்.

இத்தனைக்கும் அந்த ஊகம் முழுப்பொய் அல்ல. கணினி தயாராகிக்கொண்டுதான் இருந்தது, தவறிப்போனது மாதம். வன்பொருளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளின் வழியாகவும், விற்பனைக்கு முன் அரசு அமைப்புகளில் பதிய வேண்டிய மாடல் எண்களின் வழியாகவும் கசிகின்றன. ஒரு பொருள் உருவாகிறது என்பதை அந்தத் தடயங்கள் காட்டும். எந்த மேடையில், எந்த நாளில், என்ன விலைக்கு என்பதைக் காட்டா. அந்த மூன்றும் கடைசிவரை நிறுவனத்துக்குள்ளே சிலரிடம் மட்டும் இருப்பவை. ஆனால் வாங்குபவருக்கு வேண்டியவை அந்த மூன்றுதான். ஆகவே காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றே: கையில் இருக்கும் கருவி உங்கள் வேலையைக் கெடுக்கிறதென்றால் இன்றே மாற்றுங்கள், கெடுக்கவில்லையென்றால் ஜூனிலும் மாற்ற வேண்டாம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. இது மென்பொருள் எழுதுபவர்களுக்கான மாநாடு. இங்கே வருகிறவற்றில் நெடுநாள் நிற்கிறவை பெரும்பாலும் பெட்டியில் அடைத்து விற்க முடியாதவை. அவற்றை யாரும் முன்கூட்டி ஊகிப்பதும் இல்லை. 2014-இல் உடல்நலச் செயலியைப் பற்றி மாதக்கணக்கில் பேசினார்கள், அதுவும் வந்தது. ஆனால் அதே மேடையில் ஸ்விஃப்ட் என்ற புதிய நிரல்மொழி வரப்போகிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆப்பிளின் பொறியாளர் கிறிஸ் லாட்னர் 2010 கோடையில் தொடங்கிய வேலை அது. நான்கு ஆண்டுகள் வெளியே தெரியாமல் வளர்ந்திருக்கிறது. ஆப்ஜெக்டிவ்-சி என்ற பழைய நிரல்மொழியில் எழுதிப் பழகியிருந்த நான், அன்றிரவு வேலையைப் புதிதாகக் கற்க வேண்டியவளானேன். இன்றுவரை என் சம்பளம் அந்த மொழியிலிருந்துதான் வருகிறது.

இதற்கு இன்னும் நெருக்கமான சான்று 2022-ஆம் ஆண்டு. அந்த மே மாதம் முழுவதும் பேச்சு மூன்று பொருள்களைப் பற்றியது: எம்2 மேக்புக் ஏர் எத்தனை வண்ணங்களில் வரும், ஐபோனின் பூட்டுத்திரை எப்படி மாறும், தலையில் அணியும் கருவியை அந்த ஆண்டே காட்டிவிடுவார்களா. ஏர் நான்கு அடக்கமான வண்ணங்களில் வந்தது, பூட்டுத்திரை மாறியது, தலைக்கருவி வர இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று. ஆனால் மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்னதாக, மே 17 அன்று, ஆப்பிள் தானாகவே ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. மே மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை உலக அணுகல்தன்மை விழிப்புணர்வு நாள். அதையொட்டி, மாற்றுத்திறனாளிகளுக்காக அந்த ஆண்டு வரவிருக்கும் வசதிகளை அது சொன்னது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளும் வட்டார வழக்குகளும் கூடுதலாக வருகின்றன என்ற வாக்கியமும் அதில் இருந்தது. எடுத்துக்காட்டாக வங்காளம், பல்கேரியம், கத்தலான், உக்ரேனியம், வியட்நாமியம் ஆகிய பெயர்களைக் கொடுத்திருந்தார்கள். பெயர் சொல்லப்படாத மொழிகளில் ஒன்று தமிழ். கசிந்த செய்தி அல்ல இது; நிறுவனமே கையெழுத்திட்டுக் கொடுத்த செய்தி. நான் இருக்கும் எந்தக் குழுவிலும் ஒருவரும் அதைப் பகிரவில்லை. நானும் பகிரவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்தச் செப்டம்பரில் ஐபோனின் புதிய இயங்குதளமான ஐஓஎஸ் 16 வெளியானது. மதுரையில் தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அவருடைய ஐபோனில் அமைப்புகளைத் திறந்து, அணுகல்தன்மைப் பகுதிக்குள் சென்று, வாய்ஸ்ஓவரின் பேச்சுமொழிகளில் தமிழைச் சேர்த்துக் கொடுத்தேன். அவருடைய தங்கை அன்று காலை அனுப்பியிருந்த செய்தி திறக்கப்படாமல் இருந்தது. வழக்கமாக இடைவேளையில் ஆசிரியர் அறையில் யாரிடமாவது கைப்பேசியை நீட்டித்தான் தமிழ்ச் செய்திகளைப் படிக்கச் சொல்வார். இப்போது சுட்டுவிரலை அந்த வரியின்மேல் வைத்தார். "அம்மாவுக்குச் சர்க்கரை அளவு குறைந்திருக்கிறது, நீ கவலைப்படாதே" என்று ஒரு பெண்குரல் சொன்னது. விரலை எடுத்தார்; மறுபடியும் வைத்தார். மூன்றாவது முறை வைப்பதற்கு முன் வேகத்தைக் கூட்டச் சொன்னார். ஆங்கிலத்தை அவர் கேட்கும் வேகம் நம் காதுக்குப் பிடிபடாத அளவுக்கு விரைவானது. பிறகு அவரே "கிழமை", "தொழுகை", "எழுத்தாளர்" என்று தட்டச்சு செய்து ஒவ்வொன்றையும் கேட்டார். ழகரத்தை அவர் அப்படித்தான் சோதிப்பார், மாணவர்களிடமும். "இனி என் கடிதத்தை நானே படிச்சுக்குவேன்மா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வண்ணங்களைப் பற்றி அந்த ஆண்டு நான் எழுதிய பதிவுகள் எனக்கே நினைவில்லை. அந்த விரல் மட்டும் நினைவிலிருக்கிறது.

மாநாட்டைப் பார்க்கும் முறையிலும் நாம் ஒன்றைத் தவறவிடுகிறோம். தொடக்க உரை நமக்குத் திங்கட்கிழமை இரவு 10:30 மணிக்கு வரும்; பன்னிரண்டரைக்குள் பெரும்பாலோர் ஏமாற்றத்தையோ மகிழ்ச்சியையோ எழுதிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். மென்பொருளாளர்களுக்கான விரிவுரை அதற்குப் பிறகு, இரவு 1:30 மணிக்குத்தான் தொடங்குகிறது. 2025-இல், இன்டெல் சில்லுள்ள மேக் கணினிகளுக்குக் கிடைக்கும் கடைசி இயங்குதளம் மேக்ஓஎஸ் டாஹோதான் என்பதை அந்த இரண்டாவது உரையில்தான் சொன்னார்கள். வீட்டில் இன்டெல் மேக் வைத்திருக்கும் ஒருவருக்கு அன்றிரவு வந்ததில் மிகவும் தேவையான செய்தி அதுவே. ஆனால் மறுநாள் காலையில் என்னிடம் கேட்டவர்கள் அனைவரும் கேட்டது லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்தைப் பற்றித்தான்.

மேடையில் அறிவித்தாலும் அது கைக்கு வந்ததாகிவிடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 ஜூனில், நம் மின்னஞ்சலையும் நாட்குறிப்பையும் புரிந்துகொண்டு பதில் சொல்லும் சிரி என்ற குரல் உதவியாளரைக் காட்டினார்கள். அதற்கு இன்னும் காலம் பிடிக்கும் என்று 2025 மார்ச்சில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அறிவிப்புக்கு முந்தைய ஊகத்தை மட்டுமல்ல, அறிவிப்பையும் பொறுத்திருந்து பார்ப்பதே நல்லது. பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆகையால் இந்த மே மாதம் நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். ஊகப் பட்டியல்களைப் பகிரப்போவதில்லை. அணுகல்தன்மை அறிக்கை வந்ததும் அதைத் தமிழில் முழுமையாக எழுதி இங்கே இடுவேன். நம் மொழிகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைத் தனியாகக் குறிப்பேன். மாநாட்டு இரவில் இரண்டாவது உரை முடியும்வரை விழித்திருந்து, முன்னோட்டப் பதிப்பை என் பழைய ஐபோனில் நிறுவி, வாய்ஸ்ஓவரைத் தமிழில் வைத்துச் சில செய்திகளைப் படிக்கவிட்டுக் கேட்பேன். செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் முதல் மணி அடிப்பதற்கு முன் மதுரையிலிருந்து அழைப்பு வரும். குரலில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று அவர் கேட்பார்.