ஒரே பைக்கோடு இந்த சீசனை முடியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் பெரிய சண்டை. அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் போன வருடம் ஆரம்பித்த பைக் ரேஸ் டீம் பணமில்லாமல் திணறுகிறது. "புது பைக் ஒண்ணு எடுத்துட்டா போதும் மாமா. ஒரே ஒரு போடியம், முதல் மூணு இடத்துல ஒண்ணு, ஸ்பான்சர் தானா வருவாங்க" என்கிறான். அக்கா எதுவும் பேசாமல் வளையலைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

ஓசூர் பையனுக்கு பைக் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிவிஎஸ் தொழிற்சாலை ஊரிலேயே இருக்கிறது, அவர்கள் ரேஸ் டீம் 1982-லிருந்து ஓடுகிறது. ஆனால் அது கம்பெனி டீம். இவர்களிடம் இருப்பது ஒரு தகர ஷெட், இரண்டு பைக், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போக ஒரு வாடகை டாடா ஏஸ்.

மறுநாள் ஷெட்டுக்குப் போய்க் கணக்கு நோட்டைப் பார்த்தேன். டயர், என்ட்ரி பீஸ், டீசல் எல்லாம் கட்டியாகிவிட்டது. மெக்கானிக் பையன் பெயருக்கு நேரே மட்டும் மூன்று மாதமாக "பாக்கி". அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ஜின் பிரித்து மாட்டுகிறவன் அவன்தான்.

ஒரு போடியம் காப்பாற்றும் என்பவர்களுக்கு மாருஷியா என்ற கார் ரேஸ் டீமின் கதையைச் சொல்ல வேண்டும். 2010-ல் ஃபார்முலா ஒன் கார் ரேஸுக்குள் மூன்று புது டீம்கள் வந்தன. செலவுக்கு உச்சவரம்பு வரும் என்ற பேச்சை நம்பி வந்தவர்கள், அவர்கள் இருந்தவரை அந்த வரம்பு வரவேயில்லை. அதில் ஒன்றான எச்ஆர்டி, நம் கருண் சந்தோக் ஓட்டியது, பஹ்ரைனில் தகுதிச் சுற்றில்தான் அவர் காரை முதன்முறையாக ஓட்டவே முடிந்தது. பிறகு நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார். ஒரு பாயின்ட்கூட வாங்காமல் 2012-ல் மூடினார்கள். இன்னொன்று, முதலில் வர்ஜின் என்ற பெயரில் வந்த மாருஷியா. அவர்களுக்கு 2014 மொனாக்கோ ரேஸில் டிரைவர் பியாங்கி 9-வது இடம் பிடித்து 2 பாயின்ட் வாங்கிக் கொடுத்தார். பையன் கேட்கிற போடியம் மாதிரிதான் அது. அதே வருடம் அக்டோபரில் டீம் திவால். மேனர் என்ற பெயரில் மீண்டு வந்து, 2016 பிரேசில் மழையில் சாபர் என்ற இன்னொரு டீமின் கார் 9-வதாக வந்ததால் டீம்கள் பட்டியலில் 11-வது இடத்துக்குத் தள்ளப்பட்டு, பெரிய பரிசுப் பணத்தை இழந்து, 2017 ஜனவரியில் ஒரேயடியாகப் போய்விட்டது. அடுத்தவன் ஓட்டிய ஒரு ரேஸ் இவர்கள் தலையெழுத்தை முடித்துவிட்டது.

2016-ல் வந்த ஹாஸ் டீம் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய ஆசைப்படவில்லை. என்ஜின், கியர்பாக்ஸ் ஃபெராரியிடம் வாங்கினார்கள், சேஸிஸ் டல்லாரா என்ற கம்பெனியிடம். முதல் வருடமே 8-வது இடம். இதெல்லாம் ஓசூர்க்காரனுக்குப் புதுசா? என் லேத் பட்டறையே முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் டிராயிங்குக்கு ஜாப் வொர்க் அடித்துத்தான் பிழைத்தது. சொந்த பார்ட் எல்லாம் அப்புறம்தான்.

அதனால் நான் சொன்னது இதுதான். ஒரு பைக்கை விற்று முதலில் மெக்கானிக் பாக்கியைத் தீருங்கள். மீதியில் ஒரே ரைடரோடு சீசனை முடியுங்கள். ரேஸ் இல்லாத வாரங்களில் மற்ற ரைடர்களின் என்ஜின் வேலையை எடுத்துச் செய்யுங்கள், வேலை சுத்தம் என்று பேடாக்கில், அதாவது டிராக்கில் டீம்கள் வண்டி வேலை பார்க்கிற இடத்தில், பெயர் இருக்கிறது, அது காசாக வேண்டும். ஸ்பான்சருக்குப் பெரிய கம்பெனி வாசலில் நிற்பதைவிட பாகலூர் ரோட்டு ஸ்பேர் கடைக்காரரிடம் ஆயில், செயின் செட் கேளுங்கள், அவர் கொடுப்பார். கீழே விழுந்தால் அடிக்கடி உடைவது ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட். அதை அலுமினியத்தில் வெட்டிக் கொடுப்பது இனி என் பொறுப்பு, காசு வேண்டாம்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நேற்று ராத்திரி, "சரி மாமா, போட்டோ எடுத்துப் போடுங்க" என்றான். அக்கா வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

பைக் விற்பனைக்கு இருக்கிறது. என்ஜின் இந்த மாதம்தான் பிரித்துப் பார்த்தது. வேண்டியவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.